துரைசாணி சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது

சைக்கிள் என்பது ஏறிப் போவதற்கான சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நினைப்பைக் கெடுத்தவர் ரத்தோட்டைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற ஒரு வியாபாரி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, ஊரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். வியாபாரம் அவருக்குச் சோறு போட்டது. உயிர் இருந்ததென்னவோ பழைய சைக்கிள்களில். கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் கொட்டகையில் பாதியை ஒதுக்கி, வெள்ளைக்காரர் காலத்துச் சைக்கிள்களை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து போட்டு, துருவை எடுத்து, நிறம் பூசி, நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியது போல ஆக்கிவிடுவார். ஆக்கி முடித்ததும் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வருவார் என்று நீங்கள் நினைத்தால், அதுதான் கிடையாது. கூரையிலிருந்து தொங்கிய கொக்கியில் மாட்டிவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ரோட்டில் கல் இருக்கிறது, குழி இருக்கிறது, மாட்டுச் சாணி இருக்கிறது, இவ்வளவுக்கும் மேலே மழை இருக்கிறது என்பார். மாத்தளைக்குப் போக வேண்டுமென்றால் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். மாவட்டத்திலேயே நல்ல சைக்கிள் வைத்திருக்கிற மனிதன் பஸ்ஸுக்கு நிற்கிறான் பார் என்று நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தமாகக் கேலி செய்வேன். அவர் காதில் விழாத மாதிரி மிளகு விலையைப் பற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் சட்டென்று வரும். ரத்தோட்டையிலிருந்து மாத்தளைப் பக்கமாக இறங்குகிற வழியில் இருந்த ஒரு கொக்கோத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். வாத்தியாருக்கென்று தோட்டம் கட்டியிருந்த வீட்டின் கூரை ஒரு மழைக்காலக் காற்றில் பறந்துபோனது. அதைத் திரும்பப் போடுவதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினார்கள். அதனால் ரத்தோட்டையில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, வேலைக்கு இறங்கி நடக்கிற அந்த நடையில்தான் என் மானம் இருந்தது. மாலையில் திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போக மனமில்லாமல் நானாவின் கொட்டகையில் ஒரு மிளகுச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

அந்தச் சாக்கின் மேலிருந்து நான் பார்த்ததை இன்றைக்கும் வியக்கிறேன். ஒரு சைக்கிள் வந்தால் முதலில் அதைக் கடைசித் திருகாணி வரைக்கும் கழற்றிவிடுவார். கழற்றியதை எல்லாம் மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார். ஊறியதைத் தேய்ப்பார். தேய்த்ததைத் துணியில் வரிசையாக வைப்பார். சக்கரத்துக் கம்பிகளை விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பார். ஒன்று மட்டும் வேறு மாதிரி ஒலித்தால் அதை ஒரு சுற்று முறுக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சுண்டுவார். சட்டத்தில் தங்க நிறக் கோடு போடுவதற்கு அணில் வால் மயிரில் அவரே ஒரு தூரிகை கட்டி வைத்திருந்தார். அந்தக் கோட்டை இழுக்கும்போது மூச்சு விட மாட்டார். நானும் அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கோடு முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விடுவோம்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. ஊரெல்லாம் சைக்கிளுக்குக் கிடைத்ததைப் பூட்டி ஓட்டியது. பெடல் போனால் மரக்கட்டை, சீட் போனால் மடித்த சாக்கு, மணி போனால் வாய். நானாவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. சைக்கிள் பிறந்த மாதிரியே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊனமாகவே இருக்கட்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு பழைய விளக்கு மாட்டும் கொக்கிக்காக ரிவர்ஸ்டன் பனிமூட்டத்தைத் தாண்டிப் பல்லேகம வரைக்கும் பஸ்ஸில் போனார். அங்கே ஒரு விவசாயி அதில் சோளக் கதிரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். ஒரு பொட்டலம் கராம்பைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவந்தார். சீட்டின் கீழே இருக்கிற ஒரு சுருள் கம்பிக்காகச் சீகிரியா வரைக்கும் போனதும் உண்டு. அந்தப் பெரிய கல்லைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எந்தக் கல் என்று கேட்டார்.

கொக்கியில் தொங்கியவற்றில் ஒன்று மட்டும் தனி. அது பெண்கள் சைக்கிள். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் துரைசாணி ஒருத்தி ஓட்டியது. சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்தில் துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய்விட, சைக்கிள் உர ஸ்டோருக்குள் போய் விழுந்து கிடந்தது. பிறகு பங்களாத் தட்டுமுட்டுச் சாமான்களை மொத்தமாக விற்றபோது நானா அள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே மூன்று கியர் வைத்த சக்கரம். ஏறுவதற்கு வசதியாகத் தாழ்ந்து வளைந்த சட்டம். கவுன் சக்கரத்தில் மாட்டாமலிருக்க, பின் மட்கார்டின் ஓரத்திலிருந்த சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து அச்சு வரைக்கும் நூல் வலை பின்னியிருக்கும். அந்த நூல் மக்கிப் போயிருந்தது. நானா கறுப்பு நூலுக்குத் தேன்மெழுகு பூசி, ஓட்டை ஓட்டையாகக் கோத்துப் பின்னினார். ஓர் இழை தொய்ந்தது என்று முழுவதையும் அவிழ்த்து மறுபடி பின்னினார். அப்படி எத்தனை முறை அவிழ்த்தார் என்று எனக்கே நினைவில்லை. மகாராணி என்று அதற்கு நான்தான் பெயர் வைத்தேன். கேலிக்கு வைத்த பெயரை அவர் மரியாதைக்கு எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு மாலையும் கடையை மூடும் முன் ஒரு துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டு, மகாராணியைக் கீழே இறக்கித் துடைப்பார். ஹேண்டிலில் தொடங்கி, சட்டம், மட்கார்ட், பளபளக்கும் இரண்டு ரிம் வரைக்கும். எங்கள் பக்கத்து ஈரத்தில் ஒரு நாள் விட்டால் துரு தலை காட்டிவிடும். பெற்ற பிள்ளைக்குத் தலை தேய்த்து விடுகிற மாதிரி அவர் துடைப்பதை அவருடைய மனைவி ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போவார்.

இப்படி நான் சாக்கின் மேல் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் என் கால் போனது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிற கற்படிகளில் மழைக்குப் பாசி படிந்திருந்தது. வழுக்கி விழுந்தேன். இடது கால் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. முழங்கால் மட்டும் கொஞ்சம் மடங்கி அதற்கு மேல் மடங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. எண்ணெய் போட்டு உருவிய சிங்கள வைத்தியரும் இவ்வளவுதான் என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நடமாட முடிந்தது. பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து, மணி அடிக்கும் முன் போய்ச் சேருவது நடக்காத காரியம். காலை பஸ்ஸோ மணி அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் போகும். முதல் பஸ் விடியுமுன்னே போவது. அதைப் பிடித்து வாசலில் இருட்டில் நிற்கலாமே என்றால், மழைக்காலத்தில் அது வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. பள்ளிக்கூடம் அப்போது தோட்டத்தின் கையில் இருந்தது. வைப்பதும் எடுப்பதும் துரையின் இஷ்டம். எங்கள் நாட்டுத் துரைதான், கெட்ட மனிதரில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கலைந்து பெரியவர்கள் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் லயத்தில் அலைகிறார்கள், மணி அடிக்கும்போது வாத்தியார் வாசலில் இருக்க வேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னார். வேலைக்குக் காத்திருக்கும் படித்த பையன் ஒருவன் இருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லியனுப்பினார். வருகிற திங்கட்கிழமை வரைக்கும் எனக்குத் தவணை.

அன்றிலிருந்து மாமனார் என்னிடம் மிக நன்றாக நடந்துகொள்ள ஆரம்பித்தார். மீன் துண்டை என் சோற்றுக் கோப்பைக்குத் தள்ளினார். அவசரப்படாதீங்க மாப்பிள்ளை, வீடு இருக்கு என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கிழவனாகப் போகிறேன் என்ற பயத்தில் மனைவியிடம் காரணமில்லாமல் சீறினேன். 

நானா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வந்திருந்தால் விரட்டியிருப்பேன். அவர் மடியிலிருந்து சாக்குத் தைக்கிற சணல் கயிற்றை எடுத்தார். என்னை மேசை மேல் உட்காரச் சொல்லி, காலைத் தொங்கவிட்டு, பாதத்தைப் பிடித்து மேலே தூக்கினார், கீழே இறக்கினார். எதுவரைக்கும் வலிக்காமல் போகிறதோ அதுவரைக்கும் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார். என்ன, ஆட்டுக்குக் கால் கட்டுகிறீர்களா என்று கேட்டேன். அவர் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு, தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மகாராணி கொக்கியில் இல்லை. தரையில் நின்றது. அவருக்கு என்ன நினைப்பு என்று விளங்கிவிட்டது.

நான் குதித்தேன். பொம்பளைச் சைக்கிளில் நான் தோட்டத்துக்குள் போனால் பிள்ளைகள் ஆயுசுக்கும் என்னை வாத்தியார் என்று மதிக்குமா என்றேன். கவுன் மாட்டாமலிருக்க வலை வேறு இருக்கிறதே, என் வேட்டியைக் கவுன் என்று நினைத்தீர்களா என்றேன். அது போதாதென்று, ஈ உட்கார்ந்தால் சகிக்காத ஆள் இதை எப்படி ரோட்டுக்கு விடுவீர்கள் என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஆண்கள் சைக்கிளின் உயர்ந்த கம்பிக்கு மேலே அந்தக் காலைத் தூக்கிப் போட முடியாது, இதில் தாழ்ந்த சட்டம், கியர் இருக்கிறது, தொட்டால் உருளும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

"கால்தான் மடங்க மாட்டேங்குது மாஸ்டர்," என்றார். "வீம்பையாவது கொஞ்சம் மடக்குங்க."

நான் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது. முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும் என்றால் இடது பெடல் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். அதற்கு, பெடலைத் தாங்குகிற இடது கிராங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றைப் போட வேண்டும். பங்களாச் சாமான்களோடு வந்த சின்னப் பிள்ளைச் சைக்கிள் ஒன்று மூலையில் நொறுங்கிக் கிடந்தது. அதன் கிராங்கை எடுத்துக் கயிற்று முடிச்சோடு வைத்துப் பார்த்தார். அளவு சரி, அச்சு நுழையும் ஓட்டைதான் சிறிது. அரத்தால் ராவினார். ராவி, ஊதி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவினார். மகாராணியின் கிராங்கை நோகாமல் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். ஒரு திருகாணி மாறியிருந்தாலே தூக்கம் கெடுகிற மனிதர், வலது பக்கம் நீளமும் இடது பக்கம் குட்டையுமாக நொண்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சைக்கிளைக் கொஞ்ச நேரம் ஏறெடுத்தே பார்க்கவில்லை. பிறகு பார்த்தார். சீட்டை உயர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்தில் பழகினோம். சந்தை இல்லாத நேரம், காய்ந்த மட்டமான தரை. நானா சீட்டைப் பிடித்துக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டி ஓடிவந்தார். முதலில் இரண்டு தடவை அவர் மேலேயே சாய்ந்தேன். அப்புறம் கால் பிடித்துக்கொண்டது. வலது கால் தள்ள, இடது கால் சின்ன வட்டத்தில் கூடவே போனது. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று கத்தினேன். மைதானத்தை முழுதாகச் சுற்றி வந்து, வலது காலை ஊன்றி நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை நானா வழக்கத்தை விடக் கூடுதலாக எண்ணெய் விட்டு மகாராணியைத் துடைத்தார். வெளியூருக்கு அனுப்புகிற பெண்ணுக்குச் சோடிக்கிற மாதிரி ஒரு மூலை விடாமல் துடைத்தார்.

திங்கட்கிழமை விடியும்போது தூறல். கடைத்தெருவைத் தாண்டியதும் ரோடு இறங்க ஆரம்பித்தது. மிதிக்கவே தேவையில்லை, மகாராணி தானாக உருண்டாள். ஊர் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய மரங்களும் கொக்கோ மரங்களும் பின்னால் போயின. கால் போனதற்குப் பிறகு முகத்தில் காற்று அடிப்பதையே நான் மறந்திருந்தேன். பாட்டு வந்தது. தோட்டத்து வாசலுக்கு முந்தின வளைவில் பிரேக்கைப் பிடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மெல்லிய ஒரு கீச்சு, அவ்வளவுதான். இன்னும் இறுக்கினேன். பிரேக்கின் ரப்பர் கட்டைகள் ரிம்மை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. வளைவை எப்படித் திரும்பினேன் என்று எனக்குத் தெரியாது. எதிரே பள்ளிக்கூட வாசல். துரை ஜீப்பின் பக்கத்தில் நிற்கிறார். பெரிய கணக்கப்பிள்ளை குடையோடு நிற்கிறார். மணி அடிக்கிற ஆள் கம்பியைக் கையில் தூக்கிவிட்டான், இன்னும் அடிக்கவில்லை. வேலை பறிபோகாமல் நேரத்துக்கு வந்துவிட்டேன். நிற்கத்தான் முடியவில்லை.

"குட் மோர்னிங் சேர்," என்றேன். பழக்கதோஷத்தில் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவர்களைத் தாண்டிவிட்டேன். வாசலுக்கு அப்பால் ரோடு இன்னும் சரிந்து ஒரு பாலத்துக்குப் போகும். பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, வேகம் தானாகத் தணிந்து, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்து விழுந்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவர்கள் என்னைப் பந்தயக்காரன் என்று நினைத்து உற்சாகமாகக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சைக்கிளை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது.

கொக்கோக் காய் உடைக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. நீங்கள் போனதைப் பார்த்தேன், வந்ததைப் பார்க்கவில்லை என்றார். நாளைக்கும் இதே இடத்தில் நிற்பேன், நாளைக்கு இல்லையென்றால் மறுநாள் அந்தப் பையன் வருவான் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்றைக்கு நான் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாலையில் ஹேண்டிலைத் தடி மாதிரிப் பிடித்துச் சாய்ந்துகொண்டு மேட்டில் ஏறினேன். வழியெல்லாம் நானாவைத் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, ரிம்மில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை மூக்கின் அருகே கொண்டுபோனார். தேங்காய் எண்ணெய். அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்தார். நான் வழக்கமாக உட்காரும் சாக்கு.

"நான்தான் மாஸ்டர்," என்றார். "ஒவ்வொரு நாளும் என்ட கையாலதான் போட்டேன்."

ஊரில் ஓட்டுகிறவன் எவனும் ரிம்மில் எண்ணெய் பூச மாட்டான். சைக்கிளை அவ்வளவு நேசித்து, அதில் ஏறவே ஏறாத மனிதருக்குத்தான் அது தோன்றும். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். சுத்தமானது. பிறகு, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து மகாராணியின் சக்கரத்தில் ஊற்றினார். சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்தார். கண்ணாடி போல வழுவழுத்த ரிம். ஈரத்தில் கட்டை வழுக்கிக்கொண்டே போனது. எண்ணெய் மட்டும் குற்றவாளி இல்லை. அந்தப் பளபளப்பே குற்றவாளி.

துரு தேய்க்கிற எமரித் தாளை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். வேறு ஏதாவது பார்க்கலாம் நானா, போனால் போகட்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் தாளை மடித்து, முதல் தேய்ப்புக்கு முன் கையை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு தேய்த்தார். எத்தனையோ மாலைகளில் அவர் துடைத்துத் துடைத்துப் பார்த்த அந்த வெள்ளிப் பளபளப்பு, பிரேக் படுகிற இடமெல்லாம் சாம்பல் நிறமாகக் கீறிக்கொண்டு போனது. இரண்டு சக்கரத்தையும் முழுதாகச் சுற்றி வந்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. வேர்வை மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். சாரத்துக்கு மேல் எப்போதும் கட்டியிருக்கும் அகலமான தோல் பெல்ட், பையெல்லாம் வைத்துத் தைத்தது. அதை அவிழ்த்து, பலகையில் வைத்து, சாக்கு அறுக்கிற கத்தியால் நுனியிலிருந்து துண்டு போட்டார். ரப்பர் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தோலை மடித்து இறுக்கி அடித்தார். சாரம் நழுவியது, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டார். மறுபடி தண்ணீர். சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்தார். காது கூசுகிற மாதிரி ஓர் அலறல் அலறிக்கொண்டு சக்கரம் நின்றது. அவர் நம்பவில்லை. மறுபடி சுழற்றி, மறுபடி நிறுத்தினார். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் ஊற்றுவதும் சுழற்றுவதும் நிறுத்துவதுமாகவே இருந்தார்.

அன்று நான் கண்ட மாதிரி ஒரு பெரிய மனதை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஒருவர் தன்னிடம் மிச்சமிருப்பதைக் கொடுக்கலாம், ஆசையாக வைத்திருப்பதைக்கூடக் கொடுக்கலாம். தன் கையால் செய்து முடித்த அழகைத் தன் கையாலேயே கீறிக் கொடுப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். இதை அவரிடம் சொல்லத் தெரியாமல், சாரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகாதீர்கள் என்று கேலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை தூறல் இல்லை, நல்ல மழை. கொட்டகைக்குப் போனால் அவர் இல்லை. அவருடைய மனைவி கதவோரம் நின்று, முதல் பஸ்ஸிலேயே போயிட்டாரு என்று மட்டும் சொன்னார். எனக்கு மனம் சுருங்கியது. இன்றைக்குப் பார்த்தா மாத்தளையில் வியாபாரம், பிடித்துத் தள்ளிவிடவாவது நின்றிருக்கலாமே என்று நினைத்தேன். பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. படிக்கல்லில் சாய்த்து ஏறி உட்கார்ந்து, வலது காலால் உந்தினேன்.

முதல் இறக்கத்திலேயே பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். அலறியது, வேகம் குறைந்தது. விட்டேன், பிடித்தேன். வளைவு வந்தது, பிடித்துக்கொண்டே திரும்பினேன். ரோடு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்குள் பள்ளிக்கூட வாசல் தெரிந்தது. ஜீப் நின்றது, துரையின் குடை தெரிந்தது, மணிக்காரன் கம்பியைக் கையில் எடுத்திருந்தான். அவர்களுக்கு அப்பால், வாசலையும் தாண்டி, பாலத்துக்குச் சரிகிற ரோட்டின் நட்டநடுவில் ஒருவர் குடை இல்லாமல் நின்றார்.

நானா. சாரத்தை மடித்துக் கட்டி, காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். பிரேக் பிடிக்காவிட்டால் நான் எங்கே போவேனோ, அந்த இடத்தில். ஒரு கீறல் படக்கூடாது என்று மகாராணியைக் கொக்கியில் தொங்கவிட்டு வைத்திருந்தவர், அவளை நெஞ்சில் வாங்கிக்கொள்ள வந்து நின்றார்.

இரண்டு கையாலும் இறுக்கினேன். நனைந்த தோல் ஊரையே எழுப்புகிற மாதிரி அலறியது. பின்சக்கரம் கொஞ்சம் இழுபட்டது, பிறகு பிடித்தது. முன்சக்கரம் வாசல் கல்லுக்கு நேரே வந்து நின்றது. வலது காலை ஊன்றினேன். துரை என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், ரோட்டில் நிற்கிற மனிதரைப் பார்த்தார். அடி என்று மணிக்காரனுக்குத் தலையசைத்தார். மணி அடித்தது.

"நின்னிருச்சு நானா," என்று கூப்பிட்டேன்.

மழைச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. அவர் விரித்த கை விரித்தபடியே நின்றார். கண் என்னை விட்டு அசையவில்லை. நான் சைக்கிளைத் துரையின் ஜீப்பில் சாய்த்துவிட்டு, நொண்டிக்கொண்டு இறங்கிப் போய், அந்த இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினேன்.